உலோகம் சேர்த்தால் எஃகு தேயாதா?

மாணவர்களே, பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் ஒரு பழைய ஈயக் கப்பல் நிற்கிறது. டி.டி.5 என்று பெயர். 1938இல் கட்டப்பட்டது; 1982 வரை கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணைத் தோண்டி ஈயத்தைப் பிரித்தெடுத்தது. எடை ஏறத்தாழ 4,500 டன். இப்போது அது ஒரு காட்சியகம். பள்ளிச் சுற்றுலாவில் பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கப்பலின் முன்பக்கத்தில் சங்கிலிபோல் கோத்த வாளிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வாளியும் குளத்தின் அடியில் போய் மண்ணைக் கவ்வி மேலே ஏறும். மண் என்று சொன்னாலும் அதில் பெரும்பங்கு மணல். மணல் என்பது குவார்ட்ஸ். விக்கர்ஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 1,000 அலகுக்குமேல் வரும். தூய இரும்பு 100 அலகைக்கூட எட்டாது. அப்படியானால் சாதாரண இரும்பில் செய்த வாளியின் உதடு, உப்புத்தாளில் தேய்த்த சாக்கட்டிபோல் கரைந்து போகும். ஆகவே இத்தகைய கப்பல்களில் வாளியின் உதட்டை மாங்கனீசு எஃகில் வார்ப்பது வழக்கம்.

இந்த எஃகை 1882இல் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் ராபர்ட் ஹேட்பீல்டு கண்டுபிடித்தார். இதில் 12 முதல் 14 விழுக்காடு மாங்கனீசும், 1 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலாகக் கார்பனும் இருக்கும்.

இங்கேதான் படிவம் 4 வேதியியல் நூல் நினைவுக்கு வர வேண்டும். 'அலோய்' என்று அதில் வருகிறதே, நாம் தமிழில் சொல்லும் கலப்புலோகம். தூய உலோகத்தில் ஒரே அளவுள்ள அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்குகள் எளிதில் வழுக்கும். வேறு அளவுள்ள அணுக்களைச் சேர்த்தால் வழுக்குவது கடினமாகிறது. ஆகவே கலப்புலோகம் கடினமானது. தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். தவறும் இல்லை. ஆனால், இதை மட்டும் பிடித்துக்கொண்டு 'எவ்வளவு அதிகம் சேர்க்கிறோமோ அவ்வளவு தேயாது' என்ற முடிவுக்குப் போனால், ஒரு தொழிற்சாலையில் முதல் வாரமே மாட்டிக்கொள்வீர்கள்.

ஹேட்பீல்டின் எஃகையே பாருங்கள். வார்த்துப் பதப்படுத்தி எடுத்த நிலையில் அது அப்படியொன்றும் கடினமானது அல்ல. பிரினெல் அளவில் 200 அலகு அளவில்தான் இருக்கும். கல்லும் பாறையும் அதன்மேல் மோத மோத மேற்பரப்பு இறுகி 500 அலகு வரை ஏறுகிறது. மோதல் இல்லாமல் மெல்லிய மணல் மட்டும் உரசிக்கொண்டு போனால், அது முழுதாக இறுகாமலே தேயும். ஆக, ஓர் எஃகு தேயுமா என்ற கேள்விக்கு 'எதனோடு, எப்படி உரசுகிறது?' என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

ரப்பர் தோட்டங்களில் மரம் சீவிய உங்கள் தாத்தா பாட்டிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். கத்தியைக் கல்லில் தீட்டுவது, நம் விருப்பப்படி நடத்தும் ஒரு தேய்மானம். அழுத்தித் தீட்டினால் உலோகம் அதிகம் போகும். நெடுநேரம் தீட்டினாலும் அதிகம் போகும். கத்தி கடினமாக இருந்தால் குறைவாகப் போகும். 1953இல் ஆர்ச்சர்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வெளியிட்ட தேய்மான விதி இதைத்தான் கணிதமாகச் சொல்கிறது. தேயும் உலோகத்தின் கனஅளவு, அழுத்தும் விசைக்கும் உரசும் தொலைவுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். மேற்பரப்பின் கடினத்தன்மைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும்.

மேற்பரப்பின் என்ற சொல்லைக் கவனியுங்கள். தேய்வது தோல் மட்டுமே. உள்ளேயும் அதே கடினம் இருந்தால் பொருள் கண்ணாடிபோல் முறியும். ஆகவே உள்ளே சற்று மெத்தென்று, தோலில் மட்டும் கடினமாக வைப்பது பொறியாளர்களின் பழைய தந்திரம். இதை மேற்பரப்புக் கடினமாக்கல் என்கிறோம்.

இனி ஈயக் கப்பலை விட்டு உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். அதன் எஞ்சினுக்குள் எண்ணெயைச் சுழலவிடும் சிறிய பம்ப் இருக்கிறது. அதிலுள்ள பல் வைத்த சிறு சக்கரங்கள் பெரும்பாலும் உருக்கி வார்த்தவை அல்ல, கடைந்து எடுத்தவையும் அல்ல. இரும்புத் தூளை அழுத்திச் செய்தவை. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலை இருக்கிறதல்லவா, அப்படிப்பட்ட ஆலைகளில் உருவாகும் கார்களிலும் இதே கதைதான். எண்ணெய் பம்ப் சக்கரம், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் வளையத்தின் நடுப்பகுதி, சங்கிலிப் பல்சக்கரம் என்று தூளில் பிறந்த பாகங்கள் உலகெங்கும் கார்களில் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் ஒசூரிலுள்ள சுந்தரம் பாஸ்னர்ஸ் ஆலை இத்தகைய பாகங்களைச் செய்கிறது.

செய்முறை புட்டு அவிப்பதுபோல என்று சொல்லலாம். குழலில் மாவை அடைத்து ஆவியில் வேகவைத்தால் தூளாக இருந்தது ஒரே துண்டாக வெளிவருகிறது. இங்கே மாவுக்குப் பதில் இரும்புத் தூள். குழலுக்குப் பதில் எஃகு அச்சு. கைக்குப் பதில் சதுர மில்லிமீட்டருக்கு 400 முதல் 700 நியூட்டன் வரை அழுத்தும் எந்திரம். அழுத்திய துண்டை ஏறத்தாழ 1,120 டிகிரி செல்சியஸ் உலையில் அரைமணி நேரம் போல் வைக்கிறார்கள். இரும்பு 1,538 டிகிரியில்தான் உருகும். ஆகவே எதுவும் உருகுவதில்லை. துகளும் துகளும் தொடும் இடத்தில் அணுக்கள் இடம்பெயர்ந்து பாலம் அமைக்கின்றன. உலைக்குள் காற்று இருக்கக் கூடாது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை விடுவது வழக்கம்.

புட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிறு இடைவெளிகள் தெரியும். தூள் எஃகிலும் அப்படியே. முழு எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். தூள் எஃகு வழக்கமாக 7.0 கிராம் அளவில் நிற்கும். 7.0ஐ 7.85ஆல் வகுத்தால் 0.89. அதாவது நூற்றில் பதினொரு பங்கு வெறும் துளை!

இந்தத் துளைகளை முழுக்கத் திட்ட முடியாது. அவை எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேய்ந்து உதிரும் துணுக்குகள் சில அவற்றுக்குள் ஒதுங்கும். செம்பு 90, ஈயம் 10 என்ற பங்கில் அழுத்திச் செய்த வெண்கலத் தாங்கிகள் துளைகளில் எண்ணெயை ஊறவைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடுவது இப்படித்தான். (நம் கிந்தா ஈயம் போய்ச் சேர்ந்த வேலைகளில் வெண்கலமும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.) ஆனால் எஃகுப் பல்சக்கரத்தில் துளை என்றால் பளுவைத் தாங்கும் உலோகம் அந்த அளவுக்குக் குறைவு. விரிசல் தொடங்கவும் அது வசதியான இடம்.

சரி, இந்தத் தூளில் வேறு உலோகங்களை எப்படிச் சேர்ப்பது? உருக்கிய எஃகில் என்றால் கொப்பரையில் போட்டுக் கலக்கினால் போதும். தூளில் இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, இரும்பை உருக்கும்போதே சேர்த்துவிட்டு, அந்தக் கலவையைத் தூளாக்குவது. சர்க்கரையைக் கரைத்தே மாவு பிசைவதுபோல. ஒவ்வொரு துகளிலும் எல்லாம் சமமாக இருக்கும். மற்றொன்று, இரும்புத் தூளோடு வேறு உலோகத்தின் தூளைக் கலப்பது. புட்டில் தேங்காய்த் துருவல்போல. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். தேய்மானத்தில் பாதிக் கதை இதில்தான் இருக்கிறது.

முதல் வழியில் ஒரு சிக்கல். அணுக்களின் அடுக்கு வழுக்காமல் போனால் கலப்புலோகம் கடினமாகும் என்றோமே, அந்தக் கடினம் ஒவ்வொரு துகளுக்கும் வந்துவிடும். கடினமான துகளை அச்சில் அழுத்தினால் நசுங்காது. நசுங்காவிட்டால் துளை கூடும். கடினத்துக்காகச் சேர்த்த பொருளே அடர்த்தியைக் குறைத்துவிடும்.

மொலிப்டினம் மட்டும் இதில் நல்ல பிள்ளை. 0.85 அல்லது 1.5 விழுக்காடு அளவில் உருக்கிச் சேர்த்தாலும் துகள் அவ்வளவாக இறுகுவதில்லை, நன்றாக நசுங்குகிறது. அதன் ஆக்சைடும் உலை வாயுவில் எளிதாக உலோகமாக மாறிவிடும். நிக்கலை உருக்கிச் சேர்த்தால் துகள் இறுகிவிடும். ஆகவே தூளாகக் கலக்கிறார்கள், அல்லது இரும்புத் துகளின் மேல் ஒட்டவைக்கிறார்கள். செம்பின் உருகுநிலை 1,085 டிகிரி. உலையின் வெப்பமோ 1,120. ஆகவே செம்பு மட்டும் உருகி, துகள்களின் இடுக்கில் ஓடி, இரும்புக்குள் நுழைந்து வலுவூட்டும். கூடவே பாகத்தைச் சற்று வீங்கவும் வைக்கும். அளவு பிசகக் கூடாத பல்சக்கரத்தில் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அச்சையே வெட்டுவார்கள்.

குரோமியமும் மாங்கனீசும் வேறு சுபாவம். விலை குறைவு, கடினமாக்கும் ஆற்றல் அதிகம். ஆனால் ஆக்சிஜனைக் கண்டால் விடாது. வார்ப்பு எஃகில் இது பெரிய தொல்லையில்லை. தூளிலோ ஒவ்வொரு துகளுக்கும் ஒரு மேற்பரப்பு. ஒரு கைப்பிடித் தூளில் எத்தனை துகள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மேற்பரப்பெல்லாம் ஆக்சைடு படிந்தால் துகளுக்கும் துகளுக்கும் பாலம் விழாது. மிகத் தூய, ஈரமற்ற வாயுவும், சில வேளை 1,250 டிகிரி வரையிலான வெப்பமும் தேவைப்படும். வாளியின் உதட்டைக் காத்த அதே மாங்கனீசு, தூளாகச் சேரும்போது இத்தனை பக்குவம் கேட்கிறது.

இனி தோலைக் கடினமாக்கும் கட்டம். கார்பன் ஏற்றுதல் என்ற முறையில் பாகத்தை 900 டிகிரிக்குமேல் சூடாக்கி, கார்பன் தரும் வாயுவில் வைக்கிறார்கள். தோலில் கார்பன் 0.8 விழுக்காடு அளவுக்கு ஏறுகிறது. அந்த வெப்பத்தில் இரும்பின் அணு அடுக்குக்கு ஆஸ்டினைட் என்று பெயர். இங்கிலாந்தின் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் நினைவாக வைத்தது. அதை எண்ணெயில் சட்டென்று குளிர வைத்தால் கார்பன் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொள்ள, அடுக்கு நெளிந்து மார்ட்டென்சைட் ஆகிறது. இது ஜெர்மனியின் மார்ட்டென்ஸ் நினைவாக. விக்கர்ஸ் அளவில் 800 அலகு வரை எட்டும் கடினம் இதற்கு உண்டு.

மெதுவாகக் குளிர்ந்தால் மார்ட்டென்சைட் கிடைக்காது. அதைவிட மென்மையான அமைப்பே வரும். துளை நிறைந்த உலோகம் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் தூள் எஃகு மெதுவாகத்தான் குளிரும். மொலிப்டினம், நிக்கல், குரோமியம், மாங்கனீசு ஆகியவை உதவிக்கு வருவது இங்கேதான். அவை அந்த மென்மையான அமைப்பு உருவாவதைத் தாமதப்படுத்துகின்றன. குளிர்ச்சி மந்தமாக இருந்தாலும் மார்ட்டென்சைட் கிடைத்துவிடும். ஆக, இந்த எஃகில் சேர்மானங்களின் முதல் வேலை தாமே கடினத்தைத் தருவதல்ல. கார்பன் தரும் கடினம் கைநழுவாமல் நேரம் வாங்கித் தருவது. பாடநூலின் விளக்கத்தோடு இந்த வரியையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் நிக்கலையும் மாங்கனீசையும் தாராளமாகப் போடலாமே?' என்று கேட்பீர்கள். போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். தோலில் ஏற்கெனவே கார்பன் அதிகம். அதுவும் அந்த வெப்பநிலையை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் ஆஸ்டினைட்டில் ஒரு பகுதி மாறாமலே தங்கிவிடும். தங்கிய ஆஸ்டினைட் மென்மையானது. சேர்மானத்தைக் கூட்டிய பிறகு தோலின் கடினம் குறையும் விந்தை இப்படித்தான் நிகழ்கிறது.

மாங்கனீசு 12 விழுக்காட்டுக்கு மேல் போனால் எஃகு முழுவதுமே ஆஸ்டினைட்டாக நின்றுவிடும். அதுதான் ஹேட்பீல்டின் எஃகு! ஈயக் கப்பலின் வாளியில் பாறை மோதி அதை இறுக்கியது. எண்ணெய் பம்ப்புக்குள் பாறை இல்லை; மெல்ல உரசும் பல்லும் மெல்லிய எண்ணெயும்தான். அங்கே மோதல் வந்து இறுக்கும் என்று காத்திருந்தால் பல் தேய்ந்துவிடும். எண்ணெய் அழுத்தம் இறங்கி, எஞ்சினே இறுகி நிற்கும் நிலைகூட வரலாம்.

நிக்கலைத் தூளாகக் கலக்கும்போது இது இன்னும் கூடும். நிக்கல் இரும்புக்குள் மிக மெதுவாகப் பரவும். அரைமணி நேரத்தில் ஊரெல்லாம் சுற்றி முடிக்காது. ஆகவே துளையோரங்களில் நிக்கல் மிகுந்த மென்திட்டுகள் நிற்கும். இதில் நன்மையும் உண்டு. விரிசல் ஒன்று ஓடி வந்தால் அந்த மென்திட்டில் சற்று மட்டுப்படும். அடி தாங்கும் பாகத்துக்கு இது வரம். ஆனால் கடினமான தூசி உரசும் பாகத்தில் அதே திட்டுதான் முதலில் பள்ளமாகும். என் கணிப்பில், தூள் எஃகைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்: சேர்மானத்தின் விழுக்காட்டை மட்டும் கேட்காதீர்கள், அது எங்கே போய் நின்றது என்றும் கேளுங்கள்.

துளைகள் செய்யும் இன்னொரு வேலையும் இருக்கிறது. அடர்த்தி 7.2க்குக் கீழே உள்ள பாகத்தில் துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டவை. கார்பன் வாயு தோலோடு நிற்காமல் அந்த வழிகளில் உள்ளே போய்விடும். தோல் மட்டும் கடினமாக வேண்டிய பாகம் உள்வரை கடினமாகி, உடையும் தன்மை பெறும். எவ்வளவு நல்ல சேர்மானம் போட்டாலும் இதைத் தடுக்காது. அடர்த்தியைக் கூட்ட வேண்டும், அல்லது பற்களின் மேற்பரப்பை உருளையால் அழுத்தித் துளைகளை மூட வேண்டும். குரோமியம் சேர்த்த தூள் எஃகுக்கு வெற்றிட உலையில் கார்பன் ஏற்றுவது பொருந்தும். சாதாரண கார்பன் வாயுவில் கலந்துள்ள ஆக்சிஜன் சேர்மங்கள் குரோமியத்தைத் தாக்கிவிடும்.

நைட்ரஜன் ஏற்றுவது மற்றொரு முறை. 500 முதல் 570 டிகிரி வரை போதும்; எண்ணெயில் குளிரவைக்க வேண்டியதில்லை; பாகம் கோணாது. இங்கே குரோமியம்தான் நாயகன். குரோமியம் நைட்ரஜனோடு சேர்ந்து மிக நுண்ணிய, மிகக் கடினமான நைட்ரைடு துணுக்குகளாகிறது. நிக்கலும் செம்பும் இப்படி நைட்ரைடு தருவதில்லை. கார்பன் ஏற்றும் முறையில் கைகொடுத்த நிக்கல், நைட்ரஜன் முறையில் ஏறத்தாழ வேடிக்கை பார்க்கிறது. உப்புக்குளியல் முறையைத் தூள் எஃகுக்குத் தவிர்ப்பார்கள்; துளைக்குள் புகுந்த உப்பைக் கழுவி எடுக்க முடியாது, பிறகு துருப்பிடிக்கும். மின்னூட்டம் பெற்ற வாயுவால், அதாவது பிளாஸ்மாவால், நைட்ரஜன் ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

மலிவான முறை ஒன்றும் உண்டு: நீராவி. சிவந்த இரும்பின்மேல் நீராவி படும் வினையை ஆய்வகத்தில் படித்திருப்பீர்கள். மூன்று இரும்பு அணுக்கள், நான்கு நீர் மூலக்கூறுகள். கிடைப்பது Fe₃O₄, கூடவே ஹைட்ரஜன். ஏறத்தாழ 550 டிகிரியில் இதைச் செய்தால் தோலிலும் துளைச் சுவரிலும் கருநீலமான மேக்னடைட் படலம் படிந்து, துளைகளின் வாயை அடைக்கும். இரும்பைவிடக் கடினமான படலம், துருவையும் தள்ளிப்போடும். வண்டியின் அதிர்வுதாங்கிக்குள் இருக்கும் சிறு பிஸ்டன்கள் பலவும் இப்படிச் செய்தவைதான். விலையுயர்ந்த சேர்மானம் எதுவும் இல்லாமலே பல பாகங்களுக்கு இது போதுமானது.

நிக்கலைக் குறைத்துக் குரோமியத்துக்கு மாறும் முயற்சி பல ஆண்டுகளாக நடப்பதற்கு இயற்பியல் மட்டும் காரணமல்ல. மின்கலங்களுக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் நிக்கல் தேவைப்படுவதால் விலை ஏறி இறங்குகிறது. நுண்ணிய நிக்கல் தூளைச் சுவாசிப்பது தொழிலாளியின் நுரையீரலுக்கும் ஆபத்து. தூள் உலோக ஆலையில் முகமூடியும் காற்று உறிஞ்சியும் அலங்காரத்துக்கு இல்லை. எஸ்.பி.எம். முடித்து ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் இயந்திரவியல் படிக்கப் போகிறவர்கள் இதையும் மனத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. பழைய எண்ணெய் பம்ப் சக்கரம் ஒன்று கிடைக்கிறது. எடை 142 கிராம். அதன் வெளி அளவுகளை அளந்து கணக்கிட்டால் கனஅளவு 20 கன சென்டிமீட்டர். அடர்த்தி 7.1, 7.85ஆல் வகுத்தால் 0.904, துளை ஏறத்தாழ பத்து விழுக்காடு. 7.2க்குக் கீழே இருப்பதால், கார்பன் வாயுவில் நெடுநேரம் வைக்கத் தகாத பாகம். இதே கனஅளவை ஆர்க்கிமிடிஸ் முறையில் தண்ணீரில் அமிழ்த்தி அளக்கப் பார்த்தால் விடை பிசகும்; தண்ணீர் துளைகளுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் ஆய்வகங்களில் முதலில் துளைகளை எண்ணெயால் நிரப்பிவிட்டு அளக்கிறார்கள். எண்ணெய் நீக்கிய சக்கரத்தைத் தண்ணீரில் போட்டால் சின்னச் சின்னக் குமிழ்கள் ஏறி வரும். அவை வெளியேறும் வழிதான், உலையில் கார்பன் வாயு உள்ளே போகும் வழி.